சீப்பு, சாவி, ஷட்டர்

கோர்ட்டில் கத்தியது டமாரம் அக்காதான், நான் இல்லை. மறுநாள் தறிக்கூடத்தில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி கொக்கு, நீதிபதி முன்னாடியே கத்துனியாமே?" என்று கேட்டார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வழக்குப் பார்க்கப் போயிருந்தோம். செத்தவள் எங்கள் ஆள். ஏழு வருஷம் எனக்கு எதிர்த்தறி ஓட்டியவள். தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிற்காமல் ஓடுகிற கட்டைக்கு நாடா என்று பேர். அவளுக்கும் அந்தப் பேரைத்தான் வைத்திருந்தோம், நான்கு தறிகளுக்கு நடுவே அப்படித்தான் ஓடுவாள். கல்யாணம் ஆன இரண்டாம் வருஷம் புருஷன் வீட்டுச் சமையலறையில் வெந்துபோனாள். ஆஸ்பத்திரியில் ஒன்றரை நாள் உயிர் இருந்தது.

புருஷனும் மாமியாரும் கூண்டில் நின்றார்கள். அவர்கள் கதை ஒரே வரி: கோபக்காரி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தானே கொளுத்திக்கொண்டாள். எங்கள் கதை வேறு. வேலையை விட்டால் கைக்கு வரும் சேமிப்பை வாங்கி வா, அண்ணன் வீட்டில் பாதியை எழுதி வாங்கி வா என்று அவளை நாய் படாத பாடு படுத்தினார்கள். தறிக்கூடம் முழுக்க இது தெரியும். ஆனால் தறிக்கூடத்துக்குத் தெரிந்ததெல்லாம் கோர்ட்டில் செல்லாது. அண்ணன்காரன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டான், அவன் பார்த்த சாட்சி இல்லை. பக்கத்து வீட்டார் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று ஒரே ராகமாகப் பாடிவிட்டுப் போனார்கள்.

மிச்சம் இருந்தது அவளுடைய மரண வாக்குமூலம் மட்டும்.

"அது ஒண்ணுதான் கையில இருக்கு," என்று அரசு வக்கீல் அம்மா வராந்தாவில் எங்களிடம் சொன்னார். தொண்டை கட்டிய குரல், கக்கத்தில் ஒரு மூட்டைக் காகிதம். "அதுவும் இருந்தும் இல்லாத மாதிரி. தொண்டையில குழாய் போட்டிருந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை. மாஜிஸ்திரேட்டு அவ கை ஆட்டுனதைத்தான் எழுதி வெச்சிருக்காரு. அதை வெச்சு நான் என்ன பண்றது?"

டமாரம் அக்கா தலையைத் தலையை ஆட்டினாள். அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. இருபத்தெட்டு வருஷம் தறிச்சத்தத்தில் நின்று காது போய்விட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால் ரகசியம் சொன்னாலும் ஊர் கூடிவிடும். பேர் அப்படித்தான் வந்தது.

சாட்சிக் கூண்டில் ஏறிய மாஜிஸ்திரேட் ஒல்லியான மனிதர். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கோ தேன் தடவிய குரல்.

"அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசலை. சரிதானே?"

"பேச முடியலை."

"எழுதலை."

"விரல்ல பேனா நிக்கலை."

"அப்ப என்னதான் செஞ்சா?"

"வலது கையில மட்டும் கட்டு இல்லை. அதை அசைச்சா. அசைச்சதை அசைச்ச மாதிரியே எழுதினேன்."

"எல்லாத்தையுமா? கொசு ஓட்டினதைக்கூடவா?"

பின்வரிசையில் சிரிப்பு.

"கொசு இருந்திருந்தா அதையும் எழுதியிருப்பேன்," என்றார் மாஜிஸ்திரேட், முகம் மாறாமல்.

வக்கீல் அந்தத் தாளைப் படிக்கச் சொன்னார். அவர் படித்தார். மூன்றாவது கேள்வி: உன்மேல் தீ எப்படிப் பட்டது? பதில்: நோயாளி வலது கை விரல்களை விரித்து, தலைக்கட்டின்மேல் முன்னிருந்து பின்னாக இருமுறை இழுத்தாள். அரிப்பு என்று கருதி செவிலியரைப் பார்க்கச் சொன்னேன். பிறகு நோயாளி கட்டைவிரலை நீட்டிக் கீழே சாய்த்தாள். நான்காவது கேள்வி: அப்போது கதவு திறந்திருந்ததா? பதில்: இடுப்பருகே விரல்களைக் குவித்துத் திருகினாள். பிறகு விரல்களைக் கொக்கிபோல் மடக்கி, கையை மார்பிலிருந்து வயிற்றை நோக்கி இழுத்தாள். குளிர் என்று கருதி செவிலியர் போர்வையை இழுத்துவிட்டார். நோயாளி போர்வையைத் தள்ளிவிட்டு, முன்போலவே மறுபடியும் செய்தாள்.

"கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்," என்றார் வக்கீல். "நாங்களும் பாத்துப் புரிஞ்சுக்கிறோம்."

அவரைக் கோமாளி ஆக்குவதுதான் திட்டம். ஆனால் மாஜிஸ்திரேட் தாளைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றொன்றாகச் செய்து காட்டினார். தலையை வாரினார். கட்டைவிரலைச் சாய்த்தார். இடுப்பில் திருகினார். கொக்கி போட்டு இழுத்தார்.

காதில் கேட்டபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணில் பட்டதும் முதுகெலும்பில் சுரீர் என்றது. அக்காவின் கையைப் பிடிக்கத் திரும்பினேன். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

"அடப்பாவி!" என்று எழுந்து நின்றாள் டமாரம். "சீப்புதான் எண்ணெய ஊத்துனான்! சாவி ஷட்டரை இழுத்துட்டா! ஏய் கொக்கு, இந்த ஆளு எந்த ஷெட்டுடி? புதுசா சேந்தவனா? கை சுத்தமாவே இல்லையே!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. கூண்டுக்குள் நின்ற புருஷன்காரனின் கை, முன்மயிரை ஒதுக்கிவிடத் தலைக்குப் போனது. பாதி வழியில் அவனுக்கே என்னவோ உறைத்து, கை அந்தரத்தில் நின்றது. அதை நான் பார்த்தேன். அரசு வக்கீல் அம்மாவும் பார்த்தார்.

"யார் அது? வெளியே அனுப்புங்க!" நீதிபதி மேசையைத் தட்டினார்.

டவாலி ஓடிவந்து அக்காவின் தோளைப் பிடித்தார். "நான் மெதுவாத்தானே சொன்னேன்!" என்று அவள் சுவர் அதிரச் சொன்னாள்.

"ஐயா, ஒரு நிமிஷம்!" அரசு வக்கீல் அம்மாவின் கக்கத்து மூட்டை கீழே விழுந்து காகிதமெல்லாம் சிதறியது. அவர் குனிந்து எடுக்கக்கூட இல்லை. "அந்தம்மா எதைப் பாத்து எதைச் சொன்னாங்கன்னு கேட்டே ஆகணும் ஐயா!"

எதிர்த்தரப்பு வக்கீல் குதித்தார். சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்த ஆட்கள் என்றார், நாடகம் என்றார். நீதிபதி அக்காவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் சட்டம் பேசினார்கள். கடைசியில் வியாழக்கிழமை எங்கள் இருவரையும் சாட்சியாக விசாரிப்பது என்று முடிவானது.

வராந்தாவில் அரசு வக்கீல் அம்மா என் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"என்ன அது? என்ன பாஷை அது?"

"பாஷையெல்லாம் இல்லீங்க. நாங்க பேசிக்கிறது."

"கையாலயா?"

"பின்ன? நூத்தி இருபது தறி ஓடுது. காதுகிட்ட வாய வெச்சுக் கத்துனாலும் கேக்காது. வேலைக்குச் சேந்த மூணாம் மாசமே கையால பேச வந்துரும். பேசாம பத்து மணி நேரம் எப்படிங்க நிக்கிறது?"

அவரிடம் எல்லாவற்றையும் செய்து காட்டினேன். கட்டைவிரலைச் சாய்த்தால் எண்ணெய். தறிக்கு எண்ணெய் விடுகிற குப்பியை அப்படித்தான் கவிழ்ப்போம். கொக்கி போட்டு இழுத்தால் ஷட்டர். ஆட்களுக்கும் பேர் உண்டு. மேஸ்திரி என்றால் வயிற்றைச் சொறிவது. நாடாவின் புருஷன் தினமும் சாயங்காலம் கேட்டில் வந்து நின்று தலை வாரிக்கொண்டிருப்பான். வந்த முதல் வாரமே அவனுக்குச் சீப்பு என்று பேர் விழுந்துவிட்டது. மாமியார்க்காரி சம்பள நாளில் ஒருமுறை வந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து, இந்த மில்லையே வாங்கியவள் மாதிரி. அவள் சாவி. பேர் வைத்தது நாடாவேதான். எனக்கு எதிரில் நின்று இடுப்பில் திருகித் திருகிக் காட்டிச் சிரிப்பாள். முதல் வருஷம் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் திருகினாள்.

"கேட்டியா," என்றார் அரசு வக்கீல் அம்மா. "வியாழக்கிழமை வரைக்கும் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. பயிற்சி கியிற்சின்னு ஒண்ணும் கூடாது. புரியுதா?"

"பயிற்சி எதுக்குங்க? தினம் பத்து மணி நேரம் அதைத்தானே பேசிக்கிட்டு இருக்கோம்."

மறுநாள் தறிக்கூடத்தில் வேலை எங்கே நடந்தது! நாற்பது பொம்பளைகளும் கையால் எனக்குப் புத்தி சொன்னார்கள். பயப்படாதே என்றாள் ஒருத்தி. நல்ல துணி கட்டிப் போ என்றாள் இன்னொருத்தி. அந்தக் கோடியில் இருப்பவள் சொன்னதை நடுவில் இருப்பவள் வாங்கி என்னிடம் சேர்ப்பாள். மூன்று தறியில் இழை அறுந்து கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. மேஸ்திரி வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். திட்டினார் போலிருக்கிறது. நாடாவின் தறியில் இப்போது ஒரு புதுப்பெண். அவளும் என்னைப் பார்த்து நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினாள். தைரியம்.

வியாழக்கிழமை நான் முதலில் கூண்டில் ஏறினேன். டமாரம் அக்காவை எதிர்க்கட்டிட வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள், என் பேச்சு அவளுக்குக் கேட்கக் கூடாதாம். கேட்டால்தானே!

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"சாவியைத் திருகினா பூட்டுறதுன்னு அர்த்தம். அது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இல்லையாம்மா?"

"இடுப்புகிட்ட திருகுனா அது ஆளுங்க."

"படுத்த படுக்கையா கிடக்கிறவ கை வேற எங்க இருக்கும்? இடுப்புகிட்டதானே?"

அது உண்மைதான். அவள் கை வேறெங்கும் போக முடியாமல்தான் கிடந்திருக்கும்.

"கதவு திறந்திருந்துச்சான்னு கேக்குறாங்க. பூட்டிக்கிட்டேன்னு சாவியைத் திருகிக் காட்டுறா. தானே பூட்டிக்கிட்டேன்னு சாகப்போற நேரத்துல உண்மையைச் சொல்லியிருக்கா. அதை நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு வயசானம்மா தலையில கட்டப் பாக்குறீங்க."

பின்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் ஆடின. நீதிபதியின் பேனாவும் ஓடியது. போச்சு, எல்லாம் போச்சு, அவள் சொன்னதையே திருப்பி அவள் கழுத்தில் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். அண்ணன்காரன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"முதல்ல இப்படி ஒரு பாஷை இருக்கா இல்லையான்னே தெரியலை," என்றார் நீதிபதி. "அதை இங்கயே பாத்துடலாம்."

ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து டவாலியிடம் கொடுத்தார். என்னை ஜன்னலருகே நிறுத்தினார்கள். மூடிய கண்ணாடி ஜன்னல். அதற்கு அப்பால் முற்றம், முற்றத்துக்கு அப்பால் வராந்தாவில் அக்கா. அவள் பக்கத்தில் எழுத்தர் காகிதமும் பேனாவுமாக நின்றார். அவள் சொல்வதை அவர் எழுதி வர வேண்டும்.

தாளைப் பிரித்தேன். ‘நேற்று என் கைக்கடிகாரம் நின்றுவிட்டது.’

நேற்று என்றால் எங்களுக்குப் போன ஷிஃப்டு, தோளுக்குப் பின்னால் கட்டைவிரல். நீதிபதிக்குப் பேர் இல்லையே! ஒரு நொடி தடுமாறினேன். அவர் மூக்கில் நழுவிக்கொண்டிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். என் மூக்கில் இல்லாத கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக் காட்டினேன். பிறகு மணிக்கட்டைத் தட்டி, ஒரு கையைக் கத்தி மாதிரி மறு முன்கையில் போட்டேன். தறி நின்றால் அப்படித்தான்.

எழுத்தருக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. மூடிய கண்ணாடியைத் தாண்டி அக்காவின் குரல் வந்தது.

"போன ஷிஃப்டு! அந்தக் கண்ணாடிக்காரரு! கையில கட்டுற மணி! ஓட்டம் நின்னுபோச்சு! ஏண்டி, பெல்ட்டு அறுந்துச்சா?"

கோர்ட்டு கொல்லென்று சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டார், உடனே மணிக்கட்டைப் பார்த்துவிட்டு இருமினார்.

"தற்செயல்," என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "ஒண்ணு நான் எழுதித் தர்றேன்."

நிதானமாக எழுதினார். எழுதும்போதே உதட்டோரம் சிரிப்பு. நான் பிரித்தேன்.

‘அவள் உள்ளே போய்த் தானே கதவைப் பூட்டிக்கொண்டாள்.’

பூட்டு என்று காட்ட நான் சாவியைத் திருகினால் வழக்கு முடிந்தது. அவர் என் வாயிலிருந்து பிடுங்க முடியாததை என் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறார். எப்படிக் காட்டுவது? திருகாமல் எப்படிப் பூட்டுவது? கோர்ட்டே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அக்கா, ‘என்ன, சொல்லேன்’ என்று முகவாயை ஆட்டினாள்.

யோசித்துக்கொண்டிருந்தது நான்தான். என் கை யோசிக்கவில்லை. பத்து வருஷமாகச் செய்ததைச் செய்தது. பொம்பளை. உள்ளே. விரலைக் கொக்கியாக மடக்கி மேலிருந்து கீழே ஓர் இழுப்பு.

"பொம்பள உள்ள போனா! ஷட்டரை இழுத்தாச்சு!" என்று கத்தினாள் அக்கா. பிறகு இரண்டு கையையும் விரித்தாள். "யாரு இழுத்தா? யாருன்னு சொல்லலையே! ஏய் கொக்கு! யாரு இழுத்தான்னு சொல்லுடி!"

"தப்பு!" வக்கீல் துள்ளினார். "தானே பூட்டிக்கிட்டான்னு எழுதியிருக்கேன். பூட்டு எங்க? சாவி எங்க? தானே எங்க? ஒண்ணுமே வரலை! பொய் பாஷை ஐயா இது!"

"இருங்க, இருங்க," என்றார் நீதிபதி. பேனாவை வைத்துவிட்டார். "சாவி வரலைன்னு நீங்களே சொல்றீங்களே. அந்தம்மாவை உள்ளே கூப்பிடுங்க. யாரும் எதுவும் பேசக் கூடாது."

அக்கா வந்தாள். கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி தானே கையைத் தூக்கி, தன் நெஞ்சுக்கு நேராக வைத்து, சாவி போட்டுத் திருகுகிற மாதிரித் திருகினார். புருவத்தை உயர்த்தினார், இது என்ன என்று.

அக்கா உற்றுப் பார்த்தாள். "என்னங்க ஐயா? ஸ்குரூவ முடுக்கணுமா?"

நீதிபதி கையை இறக்கி இடுப்பருகே கொண்டுபோய்த் திருகினார்.

"அது சாவி. தோ நிக்குதே, அவ மாமியாக்காரி." விரலை நீட்டினாள். அந்தக் கிழவியின் இடுப்பில் அன்றைக்கும் கொத்து தொங்கியது. பார்க்காதவர்களும் பார்த்தார்கள்.

அரசு வக்கீல் அம்மா ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி நீதிபதியிடம் காட்டிவிட்டு, அக்காவின் முன்னால் பிடித்தார். ‘பூட்டுறதை எப்படிக் காட்டுவீங்க?’ அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பூட்டா? பூட்டுக்கு நாங்க எங்கம்மா போறது? வாட்ச்மேன் வெளியில நின்னு ஷட்டரை இழுத்துப் பூட்டுவான். ஷிஃப்டு முடிஞ்சா வெளியில நின்னு தொறப்பான். உள்ள நிக்கிறவளுக்குப் பூட்டு ஏது, சாவி ஏது? ஷட்டர்தான் தெரியும்."

எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. அவரும் எழுதி நீட்டினார். ‘தானே இழுத்துக்கொண்டாள் என்று எப்படிக் காட்டுவீர்கள்?’

அக்கா படித்தாள். மறுபடியும் படித்தாள். என்னைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கு மண்டையில் ஏதாவது கோளாறா என்று பார்க்கிற பார்வை.

"தானேவா? ஷட்டரைத் தானே இழுத்து மூடிக்கிட்டு எவ சார் உள்ள உக்காருவா? அது எப்பவும் வெளியில இருக்கிறவன்தான் இழுப்பான். அதனாலதான் எவன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் இழுக்கணும். சொல்லாம இழுத்தா அரைப்பேச்சு. நாடா சரியாத்தான் சொல்லிருக்கா. முதல்ல சாவி. அப்புறம் இழுப்பு."

வக்கீல் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

நீதிபதி அந்தப் பழைய வாக்குமூலத் தாளை எடுத்துத் தனக்குள் படித்தார். போர்வை என்று வருகிற இடத்தில் அவர் கண் நின்றது எனக்குத் தெரிந்தது. ஷட்டர், ஷட்டர் என்று அவள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அவர்கள் போர்வையை இழுத்துவிட்டிருக்கிறார்கள். சொன்னது தப்பாகப் போய்விட்டது என்று தெரிந்து, அந்த வெந்த உடம்போடு போர்வையைத் தள்ளிவிட்டுத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அவள் அப்படித்தான். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த தறிக்கு நகர்வாள்.

"கடைசிக் கேள்வி ஒண்ணு இருக்கு," என்றார் நீதிபதி. என்னைத் திரும்பக் கூண்டில் ஏறச் சொன்னார். "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமான்னு கேட்டிருக்காங்க. ‘இரண்டு விரலைக் கண்ணருகே வைத்து, பின் வெளியே நீட்டினாள். காற்று வேண்டும் என்று கருதி ஜன்னல் திறக்கப்பட்டது.’ இது என்ன?"

"வழக்குக்குச் சம்பந்தம் இல்லை," என்று முனகினார் வக்கீல். அந்தக் குரலில் தேன் வற்றியிருந்தது.

"அது எனக்குச் சொன்னதுங்க," என்றேன். எனக்குத்தான் என்று எழுதியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். "தறியை விட்டு நகரும்போது எதிர்த்தறிக்காரிகிட்ட சொல்லிட்டுப் போவோம். என் தறியைப் பாத்துக்க, போயிட்டு வந்துர்றேன்னு."

வெளியே வந்தபோது மாஜிஸ்திரேட் வராந்தாவில் நின்றிருந்தார். சட்டை மடிப்பு இன்றைக்கும் கத்திதான். ஆனால் ஆள் கொஞ்சம் கலைந்திருந்தார்.

"போர்வையைப் போத்தச் சொன்னது நான்தான்மா. நர்ஸ் பேர்ல எழுதியிருக்கேன். சொன்னது நான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு வாரமாக மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன். "உன் புருஷனான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா தலைய ஆட்டியிருப்பாளே சார்! எதுக்கு இத்தனை சுத்து?"

"நான் பேரைச் சொல்லிக் கேட்டா அது என் வாக்குமூலமாப் போயிடும். அவளோடதா இருக்காது."

டமாரம் அக்கா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னவாம்?" என்றாள். நான் கையால் சொன்னேன்: இவர் புரியாமலே எல்லாத்தையும் எழுதி வெச்சவர். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எழுத்து சுத்தம். கைதான் இன்னும் பழகணும்," என்றாள். முற்றத்தில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

தீர்ப்பு இருபத்து மூன்று நாள் கழித்து வந்தது. அன்றைக்கு நான் மட்டும்தான் போனேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து விடுப்பு கிடையாது என்று மேஸ்திரி வயிற்றைச் சொறிந்துவிட்டார். நீதிபதி நீளமாகப் படித்தார். பாதி எனக்குப் புரியவில்லை. ‘சைகை என்பதால் அது சொல் அல்லாமல் போய்விடாது; இறந்தவர் தமக்குப் பழக்கமான மொழியில் தெளிவாகப் பேசியிருக்கிறார்’ என்று ஓர் இடம் வந்தது. அது புரிந்தது. கடைசியில் எத்தனை வருஷம் என்று சொன்னார். அதுவும் புரிந்தது. சீப்புக்கு ஆயுள். சாவிக்கும் ஆயுள். டவாலி வந்து அந்தச் சாவிக்கொத்தை அவிழ்த்து வாங்கிக்கொண்டபோது அவள் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். அண்ணன்காரன் உட்கார்ந்த இடத்திலேயே குலுங்கி அழுதான்.

அரசு வக்கீல் அம்மா ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் இரண்டு நிறுத்தம் ஓடினேன். கேட்டில் வாட்ச்மேன், "என்ன கொக்கு, இந்நேரத்துல?" என்றான். "தொறய்யா!" என்றேன். ஷட்டர் கடகடவென்று மேலே போனது.

உள்ளே நூற்றிருபது தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பஞ்சுத்தூசு, எண்ணெய் வாசனை, நெஞ்சுக்குள் இறங்கி அடிக்கிற அந்தச் சத்தம். வாசலிலேயே நின்றேன், மூச்சு வாங்கியது. முதலில் பார்த்தது புதுப்பெண். பிறகு அந்தக் கோடியில் டமாரம் அக்கா. பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பின. நாற்பது முகம்.

நான் கையைத் தூக்கினேன். நாடா சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன்.

தலையை வாரினேன். இடுப்பில் திருகினேன். உள்ளே என்று காட்டினேன். யார் இழுத்தது என்று அக்கா கேட்பாளே! மூக்கில் நீதிபதியின் கண்ணாடியை மேலே தள்ளினேன். பிறகு விரலைக் கொக்கியாக மடக்கி, எட்டுகிற உயரத்திலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரே இழுப்பு.

ஒரு தறி நின்றது. அப்புறம் இன்னொன்று. நாற்பது கை மேலே எழுந்து, ஒன்றுபோல் கொக்கி போட்டுக் கீழே இழுத்தன. மேஸ்திரி ஓடி வந்து, "என்னடி நடக்குது இங்க?" என்று கத்தினார். தறிகள் நின்றுபோயிருந்ததால் முதல்முறையாக அவர் குரல் எங்களுக்குக் கேட்டது.

"ஷட்டரு மேஸ்திரி!" என்றாள் டமாரம் அக்கா. "ஷட்டரை இழுத்தாச்சு!"